யார் வாக்கு பிரமாணம்?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு வருகிறவர்கள் பெரிய அனுமாரைப் பார்ப்பார்கள். தட்டினால் இசைக்கும் கல்தூண்களில் காதை வைத்துக் கேட்பார்கள். வெளியே வந்து தெப்பக்குளத்துக் கரையில் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுக் கன்னியாகுமரிக்கு வண்டி ஏறுவார்கள். இதே கோயிலில் ஒரு காலத்தில் நெய் கொதித்தது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இப்போது தெரிவதில்லை. கைமுக்கு என்று அதற்குப் பேர். பெண் விஷயத்தில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி ஆண் இங்கே வந்து கொதிக்கிற நெய்யில் கையை விட்டு எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருக்கவில்லை என்றால் அவன் சுத்தம். சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் இதை நிறுத்தினார். கே. கே. பிள்ளை 1953இல் சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில் இதை வாசிக்கலாம்.

சிறுமியாக இருந்தபோது இந்தக் கதையில் எனக்குப் பயமாக இருந்தது அந்தக் கை. திருவனந்தபுரத்தில் தத்துவம் படித்து, அதையே கல்லூரியில் பாடமாக நடத்தி, ஓய்வும் பெற்ற பிறகு வேறொன்று உறுத்துகிறது. இந்த வழக்கில் பெண் எங்கே? நம்பூதிரி இல்லங்களில் நடந்த ஸ்மார்த்த விசாரத்தில், சந்தேகத்துக்கு உள்ளான பெண்ணைத் தனியறையில் அடைத்து, கதவுக்கு அப்பால் நின்று கேள்வி கேட்டார்கள். விசாரணை முடியும்வரை அவளுக்குப் பெயர் கிடையாது. 'சாதனம்' என்றுதான் சொல்வார்கள். அவள் விரும்பிப் போனாளா, வற்புறுத்தப்பட்டாளா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. ஆண்களின் பெயர்களை அவள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான். 1905இல் கொச்சி ராஜ்யத்தில் தாத்ரி என்ற பெண் அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களைச் சொன்னாள் என்பது பிரசித்தம். பெயர்களைச் சொன்ன பிறகு அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நடைமுறையில் இடமே இல்லை.

சுசீந்திரத்தின் தலபுராணமும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. அகலிகையிடம் வஞ்சகமாக நடந்துகொண்ட இந்திரன் இங்கே வந்து சாபம் நீங்கினான். இன்றும் அர்த்தசாமத்தில் அவனே வந்து பூசை செய்கிறான் என்பது நம்பிக்கை. உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று அர்ச்சகர்கள் உறுதி எடுப்பார்கள் என்றும் சொல்வதுண்டு. நான் இந்தக் கோயிலுக்கு இன்றும் போகிறவள், மார்கழித் தேரோட்டத்தைத் தவறவிடாதவள். அதனால்தான் கேட்கிறேன்: குற்றம் செய்தவனுக்கு ஒரு பரிகாரத் தலம் கிடைத்தது, அகலிகைக்கு எது தலம்? புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' எழுதியபோது இந்தக் கேள்வியை அகலிகையின் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் மறுபடியும் கல்லானாள்.

பழங்கதை போதும். நான் எழுத உட்கார்ந்தது இன்றைய ஆராய்ச்சியைப் பற்றி.

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் மருத்துவர்கள், சட்டம் தெரிந்தவர், சாதாரணப் பொதுமனிதர் ஒருவர், இவர்களோடு சமூக அறிவியலோ தத்துவமோ இறையியலோ தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். அந்த வகையில் ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. முதல் நாள் ஒரு டாக்டர், "டீச்சர், தத்துவத்துக்கு இதிலே என்ன வேலை?" என்று சிரித்தபடி கேட்டார். நல்ல மனிதர்தான். எனக்கும் அன்றைக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

குடும்ப வன்முறை, சிறுவர் மீதான பாலியல் கொடுமை, வேலையிடத் தொல்லை என்று விண்ணப்பங்கள் வரும். எல்லாவற்றிலும் முன்னுரை உண்டு, நோக்கம் உண்டு, மாதிரி அளவு உண்டு. முடிவில் 'இந்த ஆய்வு கொள்கை வகுப்போருக்குப் பயன்படும்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். கேள்வித்தாளை யார் தயாரித்தார்கள் என்று பார்த்தால் ஆய்வாளர், அவருடைய வழிகாட்டி, ஏதோ வெளிநாட்டு அளவுகோல். கொடுமையை அனுபவித்தவர் உள்ளே நுழையும் இடம் ஒன்றே ஒன்று: 'பங்கேற்பாளர்' என்ற கட்டத்துக்குள். அவர் பதில் சொல்வார். கேள்வி அவருடையதல்ல, பதிலை வைத்து எடுக்கும் முடிவும் அவருடையதல்ல. கதவுக்கு அப்பால் நின்று கேட்கும் முறை அப்படியே இருக்கிறது. கதவு மட்டும் காகிதமாகிவிட்டது.

ஒருமுறை ஒரு முனைவர் பட்ட மாணவியின் விண்ணப்பம் வந்தது. கணவன் கையால் அடிபட்ட பெண்களைப் பற்றியது. நீளமான கேள்வித்தாள். இதை அடிபட்ட பெண்கள் சிலரிடம் முதலில் காட்டிப் பார்க்கலாமே என்றேன். "அப்படிச் செய்தால் ஒருதலைச் சார்பு வந்துவிடும்" என்றார் ஒருவர். "அவங்க பாவம், மறுபடி எதுக்குக் கிளறணும்?" என்றார் இன்னொருவர். மாணவி மட்டும் சரி என்றாள். சுயஉதவிக் குழுக்களில் பழக்கமுள்ள ஒருவர் வழியாகச் சிலரைக் கண்டுபிடித்தாள். தையல் வகுப்பு நடக்கும் ஒரு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடினோம். தையல் வகுப்பு என்றால் வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அந்த இடத்தைச் சொன்னதே வந்தவர்களில் ஒருத்திதான்.

மேற்கே அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிற ஒரு பெண் வந்திருந்தாள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரலால் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சரே, எத்தன தடவ அடிச்சான்னு கேக்காவ. அடி வாங்குனவ எண்ணிக்கிட்டா இருப்பா? நான் எங்கெல்லாம் போய்ச் சொன்னேன், யாரெல்லாம் என்னைத் திருப்பி அவன்கிட்டயே அனுப்பினாவ, அதக் கேளுங்கோ. அது எனக்கு ஓர்மை உண்டு."

அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சு நிற்கவில்லை. தாய்மாமன், ஊர்ப் பெரியவர், கோயில் கமிட்டிக்காரர், ஜெபக் கூட்டத்து அக்கா, ஸ்டேஷனில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் எல்லாரும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவரும் எந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பினார்கள் என்பதுகூட அவர்களுக்கு நினைவிருந்தது. ஆய்வின் தலைப்பே அன்று மாறியது. அதுவரை அடியின் கணக்கு. இப்போது அடைத்த கதவுகளின் கணக்கு. மாவட்டத்தில் ஒரு அதிகாரி ஏதாவது செய்ய நினைத்தால் எது அவருக்கு உபயோகம்? கணவன்மாரின் கையை எந்த அரசாணையும் நேராகப் பிடித்து நிறுத்தாது. நர்ஸ் என்ன சொல்ல வேண்டும், ஸ்டேஷனில் என்ன எழுத வேண்டும் என்பதை அரசாணையால் மாற்ற முடியும்.

இன்னொரு பெண் வேறொன்று சொன்னாள். வீட்டுக்கு வந்து இதைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் பொதுவாகப் பெண்கள் உடம்பு சுகத்தைப் பற்றிய கணக்கெடுப்பு என்று ஊரில் சொல்லுங்கள். மாமியார் உள்ளே வந்தால் உடனே பேச்சைச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாற்றத் தெரிந்த ஆளை அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கென வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதலில் இதே யோசனைகள் இருக்கின்றன. பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதியது அது. இவள் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இவளுக்கு இல்லை.

அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இங்கேதான்.

நம் தத்துவ மரபில் எது அறிவு, அறிவு எந்த வழியில் வருகிறது என்ற விவாதம் இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாமல் நடந்திருக்கிறது. காட்சி, அனுமானம், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகளும் ஏற்கிறார்கள். உரை என்றால் யாருடைய உரை? நியாய சூத்திரம் சொல்கிறது: ஆப்தனின் உபதேசமே சப்தப் பிரமாணம். அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யார் ஆப்தன் என்று விளக்குகிறார். ஒரு விஷயத்தை நேரே அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர், அந்த விருப்பத்தால் பேச வந்தவர். இவ்வளவுதான் தகுதி. அடுத்தபடியாக அவர் போடும் வரிதான் என்னை வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் நிறுத்தி வைத்தது: இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே. குலம் இல்லை, படிப்பு இல்லை, ஆணா பெண்ணா என்ற பேச்சும் இல்லை. இவ்வளவு தாராளமாக எழுதிவைத்துவிட்டு நடைமுறையில் ரிஷியை மட்டும் வைத்துக்கொண்டோம் என்பது வேறு விஷயம்.

பௌத்தர்களும் வைசேஷிகர்களும் இதை ஒப்பவில்லை. பிறர் சொல் தனி அளவை ஆகாது, அது அனுமானத்துக்குள் அடங்கும் என்றார்கள். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கிறோம். அதுபோல ஒருவர் சொல்லைக் கேட்டு அவர் மனத்தில் உள்ளதை ஊகிக்கிறோம். தர்க்கமாக இது வலுவான கட்சி. பௌத்தத் தர்க்கவாதி திக்நாகர் சாதாரண ஆள் அல்ல. ஆனால் இந்த இரண்டு கட்சிக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தத் தையல் அறையில் நான் கண்ணால் பார்த்தேன். நம் ஆய்வாளர்கள் பெயர் தெரியாமலே திக்நாகர் கட்சியில் இருக்கிறார்கள். கொடுமையைத் தாண்டி வந்தவளின் சொல் அவர்களுக்குப் புகை. அதிலிருந்து அவர்கள் ஊகிப்பார்கள், அட்டவணை போடுவார்கள். நெருப்பு எந்தப் பக்கம், எப்படிப் பற்றியது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவள் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் சொல்லின் நிறத்தையும் அடர்த்தியையும் அளந்துகொண்டிருப்பார்கள். நியாயக்காரர் கட்சி என்றால் அவள் சொல்வது உபதேசம். உபதேசத்தைக் கேட்கிறவன் எதிரே உட்கார வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்கலாம், தகவல் என்று வாரிக்கொண்டு போகக் கூடாது.

பட்டதனால் ஒருவர் எல்லாம் அறிந்தவர் ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். அவர் நேரே அறிந்ததில்தான் அவர் ஆப்தர். நாட்டில் எத்தனை பேர் இப்படி என்று அவரால் சொல்ல முடியாது. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு எடுத்த கணக்கில்தான், வன்முறைக்கு உள்ளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி கேட்டதும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை என்று தெரிந்தது. கணக்குக்கும் எல்லை உண்டு. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள் மீதான கொடுமை பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டது. 12,447 குழந்தைகளைக் கேட்டதில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதற்கு முன்னால் நடந்த விவாதங்களில் இந்த எண் திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஆய்வு நடந்த 13 மாநிலங்களில் கேரளம் உண்டு, தமிழ்நாடு இல்லை. எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரவில்லை.

"மறுபடி எதற்குக் கிளற வேண்டும்" என்ற இரக்கத்தை மட்டும் நான் முழுதாக நம்புவதில்லை. பதற்றம் வரும், தூக்கம் கெடும், அதற்கு ஆள் வேண்டும், இடையில் எழுந்து போக வழி வேண்டும், எல்லாம் சரி. கவனமாகக் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பேசியதற்கு வருந்துவதில்லை என்று உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அவர்களுக்கு ஆறாதது வேறு. "சாயா தந்து, ஐயோ பாவம்னு சொல்லி எழுதிட்டு போறாவ. பொறவு என்ன எழுதினாவன்னு ஒருத்தரும் வந்து சொல்லல்ல." இதைச் சொன்னவர் கடலோரத்துக்காரர். புயலுக்குப் பிறகும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள் என்றார்.

சொன்னதை யார் எதற்கு எடுத்துக்கொள்வது என்ற இந்த விஷயம் சின்னதல்ல. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை நாங்களும் திருவிதாங்கூர்க்காரர்கள். மலையாள சினிமா இன்றும் எங்கள் வீட்டுச் சமாச்சாரம். அதனால் ஹேமா கமிட்டி விவகாரத்தை நான் விடாமல் பின்தொடர்ந்தேன். 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை காரில் தாக்கப்பட்ட பிறகு, திரைப்படப் பெண்கள் கூட்டமைப்பு கேட்டுக்கொண்டதால் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு போட்டது. நடிகை சாரதாவும், ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி வல்சலகுமாரியும் உறுப்பினர்கள். பெண்கள் வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தொழிலைச் சீர்செய்ய ஒரு ஆய்வு என்ற நம்பிக்கையில் பேசினார்கள். 2019 டிசம்பர் 31இல் அறிக்கை அரசின் கைக்குப் போனது. 2024 ஆகஸ்ட் 19வரை வெளியே வரவில்லை. நாலரை ஆண்டுக்கு மேல் அவர்களுடைய சொல் பீரோவில் இருந்தது.

வெளியே வந்த பிறகு நேர் எதிரான கூத்து. குழுவிடம் சொன்னவற்றைக் குற்றத் தகவலாக எடுத்துக்கொண்டு சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்கட்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் வழக்குப் போடுவதற்காக அதைச் சொல்லவில்லை என்று சாட்சியம் சொன்ன ஒரு நடிகை உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிமன்றம் தலையிடவில்லை. 2025 ஜூனில், வாக்குமூலம் தர யாரும் முன்வராததால் அறிக்கையை வைத்துப் பதிந்த வழக்குகள் முடித்துவைக்கப்பட்டன என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

குற்றம் நடந்தது தெரிந்தும் அரசு சும்மா இருக்கலாமா என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. குழந்தைகள் விஷயத்தில் சட்டம் அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, கேள்விப்பட்ட ஆய்வாளரும் புகார் செய்தே ஆக வேண்டும். அதைப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு சொல்வது வஞ்சகம். ஆனால் வளர்ந்த பெண்கள் ஒரு காரியத்துக்கென்று கொடுத்த சொல்லை, முதலில் எதற்கும் பயன்படுத்தாமல் பூட்டிவைத்து, பிறகு அவர்கள் வேண்டாம் என்ற காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு வாக்கியத்தின் பொருளைத் தீர்மானிக்கத் தாத்பரியம் வேண்டும், சொன்னவர் எந்த நோக்கத்தில் சொன்னார் என்பது வேண்டும் என்று நம் பழைய தர்க்கிகள் சொன்னார்கள். தாத்பரியத்தைக் கழற்றிவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்தால் கையில் இருப்பது பிரமாணம் அல்ல, வெறும் சத்தம். கேரளத்தில் அரசுக்குக் கடைசியில் கிடைத்தது மௌனம்.

சமயங்கள் இதில் என்ன சொல்கின்றன? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி ஏறத்தாழ 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், இந்துக்கள் அதைவிடச் சற்றே கூடுதல். இரண்டு பக்கத்துப் பதிலும் எனக்குப் பரிச்சயம். எங்கள் பக்கம் 'முன்வினை' என்பார்கள், அந்தப் பக்கம் 'மன்னித்துவிடு' என்பார்கள். இரண்டுக்கும் ஆழ்ந்த பொருள் உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் அடிபட்டவளின் வாயை மூட அடுத்தவர் கையால் எடுத்துக் கொடுக்கும்போது இரண்டும் ஒரே துணிதான். பிரான்சில் ஆயர்களே கேட்டுக்கொண்டு 2018இல் அமைத்த ஜான்-மார்க் சோவே குழு வேறு விதமாகத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத அறிவு ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் வழியாக மட்டுமே அடைய முடியும் என்று அந்தக் குழு வெளிப்படையாகச் சொன்னது. 2021 அக்டோபர் 5இல் அறிக்கை வந்தது. 1950 முதல் குருக்களாலும் துறவிகளாலும் கொடுமைக்கு ஆளான சிறுவர் சுமார் 2,16,000 பேர் என்று அது மதிப்பிட்டது. வாத்ஸ்யாயனரை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இலக்கணம் என்னவோ அதுவே. வத்திக்கானில் நடந்தது இதற்கு மாறு. சிறுவர் பாதுகாப்புக்கான திருத்தந்தையின் ஆணையத்தில், சிறுமியாக இருந்தபோது கொடுமைக்கு ஆளான அயர்லாந்தின் மேரி காலின்சை உறுப்பினராக உட்கார வைத்தார்கள். 2017 மார்ச்சில் அவர் விலகினார். பாதிக்கப்பட்டவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடுங்கள் என்ற சிறு பரிந்துரையைக்கூட ஒரு துறை ஏற்க மறுத்ததை அவர் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கோயிலும் கோர்ட்டும் பாதிரியாரும் ஒருபுறம் இருக்க, நாஞ்சில் நாட்டுச் சாதாரண ஜனம் இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அநியாயமாகச் செத்தவர்களை இங்கே தெய்வமாக்கிக் கும்பிடுவார்கள். நாட்டாரியல் ஆய்வாளர் அ. கா. பெருமாள் இப்படிப்பட்ட தெய்வங்களைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தல் இசக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டில் பாடங்கள் பல. பரவலான பாடத்தில் அவள் காதலனை நம்பிப் போனவள், கள்ளிக்காட்டில் தூங்கும்போது அவன் கல்லைத் தூக்கித் தலையில் போட்டான், நகைக்காகக் கொன்றான். பார்த்தது கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் நீலியாக வந்து பழி தீர்த்தாள். கொலையுண்டவள் அவள், ஊர் ஞாபகத்தில் வைத்துக்கொண்டதோ அவள் சிந்தியது பொய்யான 'நீலிக் கண்ணீர்' என்பதை. அது நம் குணம்.

ஆனால் கொடை நாளில் நடப்பதைப் பாருங்கள். வில்லுக்காரர் அவள் கதையை முதலிலிருந்து பாடுவார். அவளுக்கு நடந்தது முழுவதும், ஊர் நடுவில், ஒலிபெருக்கியில். அருள் வந்து கோமரத்தாடி ஆடுவார். ஊர்ப் பெரியவர்கள் கைகட்டி நின்று, "ஒனக்கு என்ன வேணும் தாயே?" என்று கேட்பார்கள். போன வருடம் என்ன குறை வைத்தோம், படைப்பில் என்ன விட்டுப்போச்சு என்று கேட்பார்கள். அவள் சொல்வாள். சொன்னபடி மாற்றுவார்கள். உனக்கு இது தெரியாது, நாங்கள் படித்தவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. செத்தவளிடம் இப்படிக் கேட்கத் தெரிந்த ஊரில்தான், உயிரோடு வந்து நின்ற அந்த அண்டியாபீஸ் பெண்ணை ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பினார்கள். இசக்கியிடம் கேட்டது பயத்தால், மரியாதையால் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். அம்மை நோயும் பிள்ளைச் சாவும் வரும் என்று பயந்தார்கள். அதிகாரிகளுக்கு அப்படி ஒரு பயம் இருந்தால் தேவலை என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றும்.

பயமில்லாமலும் சில இடங்களில் கேட்டிருக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் சந்தனமரம் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசு ஊழியர் இப்படிச் செய்வார்களா என்ற பேச்சுதான் முதலில் எழுந்தது. அந்தப் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2011 செப்டம்பர் 29இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார், அங்குள்ளவர்களிடம் பேசினார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதிசெய்தார்; அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். முப்பத்தொரு ஆண்டு.

எங்கள் குழுவில் நான் இப்போது மூன்று காரியங்களைக் கேட்டு வருகிறேன், கொஞ்சம் தொல்லையாகவே. கொடுமை பற்றிய ஆய்வு என்றால் கேள்வித்தாளைத் தயாரிக்கும்போதே அதைத் தாண்டி வந்தவர்கள் உடன் இருக்க வேண்டும், ஒருவர் போதாது. ஒருவரை வைத்தால் அவர் தலையில் எல்லார் பாரமும் ஏறும். அவர்கள் வேலையை விட்டு வருகிறார்கள். நிபுணருக்குப் பயணப்படியும் அமர்வுப் படியும் உண்டு என்றால் அவர்களுக்கும் அன்றைய கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், வடையும் சாயாவும் கூலி ஆகாது. அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இது வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதி வெளியே போகக் கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர் பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்று உடனே ஒருவர் சொல்வார். உண்மைதான், காப்பதற்காக வந்த சட்டம் அது. உயிரோடிருக்கும் வளர்ந்த பெண் தானே எழுதிக் கொடுத்தால் பெயரைப் போடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதை முடிவுசெய்ய வேண்டியவள் அவள்.

மூன்றில் ஒன்றைக் குழு ஏற்றுக்கொண்டது, கூலி விஷயத்தை. பணக் கணக்கு என்பதால் எளிதில் புரிந்தது போலும். மற்ற இரண்டுக்கும் 'பரிசீலனையில்' என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பதில் சொன்னவர்களாக இருப்பீர்கள், சிலர் சொல்லப் போகிறவர்களாக இருப்பீர்கள். கேள்வித்தாளோடு யாராவது வந்தால், இந்தக் கேள்விகளை யாரோடு உட்கார்ந்து எழுதினீர்கள் என்று முதலில் கேளுங்கள். நான் சொல்வது எங்கே போகும், முடிவு வந்ததும் எனக்கு யார் வந்து சொல்வார் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை தர வேண்டியது அவர்கள் கடமை. விடை பிடிக்கவில்லை என்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். போட்ட பிறகும் பாதியில் விலகிக்கொள்ளலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.